சாயம் ஏற்றிய ஆன்டிபாடியா, தனி செகண்டரியா? கொழுப்பு அமில நொதியைப் பார்க்க எதை வாங்குவது

"அக்கா, ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் ஆன்டிபாடி வாங்கணும். சாயம் ஏத்தினதையே வாங்கிடு, ஒரு ஸ்டெப் மிச்சம்ங்கிறார் சார். லேப்ல சீனியர், செகண்டரி போடுறதுதான் நல்லதுங்கிறாங்க. மார்ச்சுக்குள்ள ஒண்ணுதான் ஆர்டர் பண்ண முடியும். எதைப் போடட்டும்?"

யலஹங்காவில் அறை எடுத்துத் தங்கி, பெல்லாரி சாலை வழியே தினமும் ஆய்வகம் போய்வரும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. இந்த ஒரு வருடத்தில் இதையே வேறு வேறு விதமாக நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பெங்களூருக்கு உயிரியல் ஆய்வு செய்ய வரும் நம் பிள்ளைகள் கல்லீரல் கொழுப்பைத் தொட்டாலும் சரி, மார்பகப் புற்றுநோயைத் தொட்டாலும் சரி, கடைசியில் இந்த நொதியிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட விரிவாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: ஆன்டிபாடி என்பது முயல், ஆடு போன்ற விலங்கில் செய்து எடுத்த, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் புரதம். அதிலேயே ஒளிரும் சாயத்தைக் கட்டியும் வாங்கலாம். சாயமில்லாமல் வாங்கினால் அது பிரைமரி; அந்த விலங்கின் ஆன்டிபாடியைப் பிடிக்கும், சாயம் ஏற்றிய இரண்டாவது ஆன்டிபாடிதான் செகண்டரி.

முதலில், எந்த நொதி என்பதில் தெளிவு

மிஞ்சிய மாவுச்சத்தை உடம்பு கொழுப்பாக்கிச் சேர்த்துவைக்கிறதே, அந்த வேலையின் நடுவில் இருப்பது ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ். ஓர் அசிட்டைல்-கோஏ, ஏழு மலோனைல்-கோஏ, எலக்ட்ரான் தரும் 14 என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறுகள், இவற்றைக் கொண்டு 16 கார்பன் நீளமுள்ள பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலத்தைக் கட்டித் தருகிறது. மனிதர்களின் நொதியில் 2,511 அமினோ அமிலங்கள் உண்டு. ஒரு சங்கிலியின் எடை சுமார் 270 கிலோடால்டன். இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இருக்குமிடம் செல்லுக்குள்ளே, சைட்டோபிளாசத்தில். அதனால் செல்லை ஃபிக்ஸ் செய்து (வேதிப்பொருளால் அப்படியே நிலைநிறுத்தி), சவ்வில் துளை போட்டு, அப்புறம்தான் ஆன்டிபாடியை உள்ளே விட முடியும்.

பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த நொதியைச் சுருக்கமாக ஃபாஸ் என்று சொல்லும் வழக்கம் உண்டு. செல் சாவுக்குச் சமிக்ஞை தரும் இன்னொரு புரதத்துக்கும் ஃபாஸ் என்றுதான் பெயர். அதன் மறுபெயர் சி.டி.95. அது செல்லின் மேற்பரப்பில் இருப்பது, எடையும் 45 கிலோடால்டன் அளவுதான். செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்காரர்கள் அதைத் தினமும் பயன்படுத்துவதால், சாயம் ஏற்றிய ஃபாஸ் ஆன்டிபாடி என்று தேடினால் முதலில் வந்து விழுவது அதுதான். ஒரு தங்கை அப்படி வாங்கி, இரண்டு மாதம் செல்லின் ஓரத்தில் மட்டும் ஒளியைப் பார்த்துக் குழம்பியிருந்தாள். கேட்லாக்கில் எஃப்.ஏ.எஸ்.என். (FASN) என்று கடைசி எழுத்து 'என்' இருக்கிறதா, மூலக்கூறு எடை 270 பக்கம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொட்டேஷன் கேளுங்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது

எது பளிச்சென்று தெரியும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு.

உங்கள் மாதிரியில் நொதி எவ்வளவு இருக்கிறது? எஸ்கே-பிஆர்-3 போன்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இது ஏராளமாக இருக்கும், எப்படிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். பட்டினி போட்ட எலியின் கல்லீரலில் நிலைமை நேர்மாறு. இன்சுலின் ஏறும்போது எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்ற புரதம் இந்த மரபணுவை முடுக்கிவிடும். பட்டினியில் அது அடங்கிவிடும், நொதியும் குறையும். பட்டினி போட்டுப் பின் மாவுச்சத்து கொடுத்து ஒப்பிடும் சோதனையில் நீங்கள் அளக்க வேண்டியதே அந்தக் குறைந்த பக்கத்தைத்தான்.

அதே ஸ்லைடில் வேறு என்னவெல்லாம் ஒளிர்கிறது? என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கொழுப்பு அமில நொதியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கொழுப்புத் துளிகளையும் சேர்த்தே பார்க்க ஆசைப்படுவார்கள். அதற்கு வழக்கமாகக் கையில் இருப்பது பாடிபி 493/503 என்ற கொழுப்புச் சாயம். அந்த எண்களைப் பாருங்கள்: 493 நானோமீட்டரில் ஒளியை வாங்கி 503-இல் விடுகிறது, அதாவது பச்சை. ஆன்டிபாடியில் ஏற்றியிருக்கும் அலெக்ஸா ஃப்ளூர் 488 என்ற சாயம் வாங்குவது 495 வாக்கில், விடுவது 519 வாக்கில். இரண்டும் ஒரே வாசலில் நிற்கின்றன, எந்த ஃபில்டர் போட்டாலும் பிரிக்க முடியாது.

நைல் ரெட் என்ற வேறொரு கொழுப்புச் சாயம் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்து நானே மாட்டியிருக்கிறேன். முதல் வருடம் நொதிக்கு 488, துளிகளுக்கு நைல் ரெட் என்று போட்டேன். கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் அழகான பச்சை வளையம். நொதி துளியின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்கிறது என்று சொல்லி லேப் மீட்டிங்கில் படமும் காட்டிவிட்டேன். கடைசி வரிசையில் இருந்த சீனியர் அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஆன்டிபாடியே போடாம, நைல் ரெட் மட்டும் போட்ட ஸ்லைடு இருக்காம்மா?" அன்று மாலையே போட்டுப் பார்த்தேன். அதே வளையங்கள், அதே பச்சையில். நைல் ரெட் என்ற பெயரை வைத்து அது சிவப்பில் மட்டும் ஒளிரும் என்று எண்ணியிருந்தேன். துளிக்குள் இருக்கும் நடுநிலைக் கொழுப்பில் கரைந்ததும் அது நீல ஒளியை வாங்கி மஞ்சள் பொன்னிறத்தில் விடும், அதில் ஒரு பகுதி பச்சை வாசலுக்குள் வழியும். ஏழு வாரப் படங்களை ஒதுக்கிவைத்தேன். அதிலிருந்து கொழுப்புச் சாயம் மட்டும் போட்ட ஒரு ஸ்லைடு இல்லாமல் எந்தப் படத்தையும் நான் நம்புவதில்லை.

கல்லீரல் திசு என்றால் இன்னொரு சிக்கல், அது தானாகவே ஒளிரும். ஃப்ளேவின்கள் பச்சையில், என்.ஏ.டி.பி.எச். நீலத்தில், வயதான எலியில் சேரும் லிப்போஃபுசின் என்ற நிறமி கிட்டத்தட்ட எல்லா நிறத்திலும். ஒளி அலை நீள நீள இந்தத் தொல்லை குறையும். அதனால் கல்லீரலுக்கு 647 நானோமீட்டர் பக்கத்துச் சாயம் பாதுகாப்பு.

அப்புறம், கூடவே வேறு புரதத்தையும் பார்க்கப் போகிறீர்களா? மலோனைல்-கோஏ தயாரிக்கும் அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ் இதற்கு முந்தைய படி. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. இரண்டுக்கும் நல்ல ஆன்டிபாடிகள் முயலில் செய்தவையாகவே அமைந்துவிட்டால், முயலைப் பிடிக்கும் செகண்டரிக்கு எது எது என்று தெரியாது.

மீதி இரண்டு கேள்விகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். உங்கள் கருவியில் 640 பக்கத்து லேசர் இருக்கிறதா? ஒரு குப்பி எத்தனை ஸ்லைடுக்கு வரும், எத்தனை விதமான வேலைக்கு உதவும்?

வழி ஒன்று: சாயம் ஏற்றியே வரும் ஆன்டிபாடி

ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டி நுண்ணுயிரைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் 1941-இல் காட்டியதே இந்த நேரடி முறையில்தான். இன்றைக்கும் அடிப்படை அதுவே. ஒரே ஊறல், கழுவல், படம். செகண்டரிக்கான ஒரு மணி நேரமும் மூன்று கழுவல்களும் மிச்சம். முயல்-முயல் சிக்கல் கிடையாது. எலித் திசுவில் எலி ஆன்டிபாடி போட்டால், செகண்டரி திசுவிலேயே இருக்கும் எலியின் ஐஜிஜியையும் (எலியின் சொந்த ஆன்டிபாடியையும்) பிடித்துக்கொண்டு பின்னணியைக் கெடுக்கும். அந்தத் தொல்லையும் இங்கே குறைவு. ஃப்ளோவில் பல நிறங்களைச் சேர்த்து வேலை செய்பவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. ஒளியின் அளவும் நொதியின் அளவோடு ஒழுங்காக ஏறி இறங்கும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஒளி பெருகாது. ஓர் ஆன்டிபாடியில் ஏறியிருப்பது ஐந்தாறு சாய மூலக்கூறுகள்தான். எஸ்கே-பிஆர்-3 செல்லில் இது தாராளம். பட்டினி எலியின் கல்லீரலில் இந்த ஒளி திசுவின் சொந்த ஒளிக்குள் மூழ்கிவிடலாம். அப்போது பட்டினியில் நொதி சுத்தமாக இல்லை என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் அது இருக்கும், உங்கள் முறைக்கு எட்டாமல்.

இரண்டாவது, டைலூஷன் கணக்கு. சாயம் இல்லாத ஆன்டிபாடி 1:200-இல் வேலை செய்தால், 100 மைக்ரோலிட்டர் வீதம் ஒரு கவர்ஸ்லிப்புக்கு (செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டுக்கு) அரை மைக்ரோலிட்டர் போதும். 100 மைக்ரோலிட்டர் குப்பி 200 கவர்ஸ்லிப்புக்கு வரும். பெருக்கம் இல்லாததால் சாயம் ஏற்றியதை 1:50-இல் போட நேர்ந்தால் அதே குப்பி 50-க்குத்தான் வரும். குப்பி விலையும் கூடுதல், வரும் ஸ்லைடும் கால் பங்கு. கொட்டேஷனில் இருக்கும் விலையை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒரு கவர்ஸ்லிப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, நிறம் பூட்டப்பட்டுவிடுகிறது. 488-இல் வாங்கியபின் பாடிபியும் வேண்டும் என்றால், ஒன்று அதை விட வேண்டும், இல்லை இதை மறுபடி வாங்க வேண்டும்.

நான்காவது சேமிப்பு. சாயம் ஏற்றியதைப் பொதுவாக உறைய விடக் கூடாது. 4 டிகிரியில், இருட்டில், ஃபாயில் சுற்றி வைக்க வேண்டும். பொது ஃப்ரிட்ஜில் பத்துப் பேர் கதவைத் திறந்து மூடும் ஆய்வகத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம். பி.இ., ஏ.பி.சி. இரண்டுமே புரதச் சாயங்கள். மெத்தனால் பட்டால் அவை கெட்டுவிடும். பி.இ. மட்டுமே 240 கிலோடால்டன், துளை போட்ட செல்லுக்குள் நுழையவே சிரமப்படும். ஃபேட்டி ஆசிட் சிந்தேஸ் போன்ற உள் நொதிக்கு அலெக்ஸா போன்ற சிறு சாயமே மேல்.

கட்டுப்பாட்டு ஸ்லைடுக்கும் தனிச் செலவு உண்டு. அதே விலங்கு, அதே வகை, அதே சாயம் ஏற்றிய, ஆனால் நம் நொதியைப் பிடிக்காத ஐசோடைப் ஆன்டிபாடியை வாங்க வேண்டும். யாரும் இதை முதலில் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

வழி இரண்டு: சாயமில்லா பிரைமரி, ஒளிரும் செகண்டரி

புது ஆய்வாளருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தாராளமாகச் சாய்ந்தே சொல்கிறேன்.

சாயமில்லாத ஒரே குப்பி, புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் ப்ளாட்டுக்கும் உதவும், கவர்ஸ்லிப்புக்கும் உதவும், ஃப்ளோவுக்கும் உதவும். ஒரே பிரைமரியின் மேல் பல செகண்டரிகள் ஏறிக்கொள்வதால் ஒளி பெருகும். செகண்டரியை 1:500, 1:1000 என்று போடுவதால் ஒரு குப்பி மாதக்கணக்கில் ஓடும், லேப்பில் மற்றவர்களும் பகிர்ந்துகொள்வார்கள். இன்று 488, நாளை 647 என்று நிறம் மாற்ற வேண்டுமா? பக்கத்து லேப்பில் கேட்டால் இரண்டு மைக்ரோலிட்டர் தந்துவிடுவார்கள். பெங்களூரில் ஒரே வளாகத்தில் நாற்பது ஆய்வகம் இருப்பதன் பெரிய வசதியே இதுதான்.

வெஸ்டர்னில் பார்க்க முடிவது சாதாரண லாபம் இல்லை. ஆன்டிபாடி சரியானதைத்தான் பிடிக்கிறதா என்று முதலில் நம்பிக்கை வர வேண்டுமே. 270 கிலோடால்டனில் ஒற்றைப் பட்டை நின்றால் பாதி நிம்மதி. இவ்வளவு பெரிய புரதம் வழக்கமான 10 சதவீத ஜெல்லில் மேலேயே முடங்கிவிடும். 6 சதவீதமோ சரிவு ஜெல்லோ எடுத்து, ஈர முறையில் குளிர் அறையில் இரவு முழுக்கச் சவ்வுத் தாளுக்கு மாற்றுங்கள். மாற்றும் கரைசலில் மெத்தனாலைக் குறையுங்கள். பட்டை வரவில்லை என்று ஆன்டிபாடியைத் திட்டியவர்கள் பலருக்கு உண்மையில் நொதி ஜெல்லைவிட்டே வெளியே வந்திருக்காது.

ஆனால் வெஸ்டர்னில் வேலை செய்வது கவர்ஸ்லிப்பிலும் செய்யும் என்று உறுதி இல்லை. வெஸ்டர்னில் புரதம் விரிந்து கிடக்கிறது, ஃபிக்ஸ் செய்த செல்லில் மடிந்தே இருக்கிறது. அதனால் இன்னொரு சோதனை அவசியம்: எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) போட்டு நொதியைக் குறைத்த செல்களில் ஒளியும் குறைகிறதா? 2016-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் வந்த சர்வதேசக் குழுவின் பரிந்துரை, ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து தூண்களைச் சொன்னது. மரபணுவைக் குறைத்தோ நீக்கியோ பார்ப்பது அதில் ஒன்று. நம் கைக்கு எட்டுவதும் அதுதான். நொதித் தடுப்பானைப் போட்டு இதைச் சோதிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆர்லிஸ்டாட்டோ செருலெனினோ நொதியின் வேலையை நிறுத்தும், புரதம் அங்கேயே இருக்கும். ஆன்டிபாடிக்குத் தெரிவது புரதம்தான். ஒளி குறையாவிட்டால் அது ஆன்டிபாடியின் குற்றம் ஆகாது. வேலையை அளக்க வேண்டும் என்றால் மலோனைல்-கோஏ கொடுத்து, என்.ஏ.டி.பி.எச். குறைவதை 340 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். எந்த நிறத்து ஆன்டிபாடியும் அதைச் சொல்லாது.

செகண்டரி முறையின் மறைந்த செலவு நேரமும் குழப்பமும். செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடு ஒவ்வொரு முறையும் வேண்டும். பல விலங்கு ஆன்டிபாடிகளைச் சேர்க்கும்போது மற்ற விலங்குகளின் ஐஜிஜிக்கு எதிராக நன்றாக வடிகட்டிய செகண்டரிதான் வாங்க வேண்டும், அது சற்று விலை கூடுதல். ஆட்டில் செய்த பிரைமரி என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். ஆட்டைப் பிடிக்கும் செகண்டரி மாட்டின் ஐஜிஜியையும் பிடிக்கும். பாலையோ மாட்டு சீரத்தையோ வைத்து பிளாக் செய்திருந்தால் ஸ்லைடு முழுக்க ஒளிரும்.

வழி மூன்று: நாமே சாயம் ஏற்றுவது

கிட் வாங்கி, கையில் உள்ள ஆன்டிபாடியில் நாமே சாயத்தைக் கட்டலாம். என்.எச்.எஸ். எஸ்டர் சாயம், ஆன்டிபாடியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீன்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பி.எச். 8.3 வாக்கில் பைகார்பனேட் கரைசல், ஒரு மணி நேரம், அப்புறம் சிறு பத்தியில் ஓடவிட்டு ஒட்டாத சாயத்தைப் பிரிப்பது. கேட்க எளிது.

சிக்கல் குப்பிக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதில்தான். பெரும்பாலான ஆன்டிபாடிகள் நிலைத்திருக்க பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்து வரும். பி.எஸ்.ஏ.யிலும் அறுபது வாக்கில் லைசின்கள் உண்டு. ஆன்டிபாடியைவிட பி.எஸ்.ஏ. பல மடங்கு அதிகம் என்றால் சாயமெல்லாம் அதில்தான் ஏறும். அமீன் உள்ள டிரிஸ், கிளைசின் கரைசலில் இருந்தாலும் அதே கதை. ஆகவே பி.எஸ்.ஏ. இல்லாத வடிவத்தை, மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செறிவில் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கூடுதல் விலை, கூடுதல் காத்திருப்பு. இது பலருக்கு கிட் வந்த பிறகுதான் தெரிகிறது.

சாயம் எவ்வளவு ஏறியது என்று அளக்காமல் விடாதீர்கள். 488-க்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 494 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவு 1.80, 280-இல் 1.10 என்று வைத்துக்கொள்வோம். சாயமும் 280-இல் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் 1.80-ஐ 0.11-ஆல் பெருக்கிக் கழித்தால் 0.90. ஐஜிஜியின் உறிஞ்சு கெழுவான 2,10,000-ஆல் வகுத்தால் ஆன்டிபாடி 4.3 மைக்ரோமோலார். 1.80-ஐச் சாயத்தின் உறிஞ்சு கெழுவான 71,000-ஆல் வகுத்தால் சாயம் 25.4 மைக்ரோமோலார். ஓர் ஆன்டிபாடிக்குச் சுமார் ஆறு சாயம். நான்கிலிருந்து எட்டுக்குள் இருந்தால் நல்லது. அதிகமானால் சாயங்கள் ஒன்றையொன்று அணைத்து ஒளி குறையும். பிடிக்கும் இடத்திலேயே லைசின் இருந்தால் ஆன்டிபாடி நொதியைப் பிடிக்கவும் மறுக்கும்.

ஜூன் தொடங்கி அக்டோபர் வரை பெங்களூர்க் காற்றில் ஈரம் நிற்கும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த சாயக் குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனி படிந்து, எஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். சாயத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ.வும் நீரற்றதாக இருக்கட்டும்.

இதன் சிறு தங்கை ஒன்று உண்டு: ஜீனான் வகை கிட்டுகள். சாயம் ஏற்றிய ஃபாப் துண்டுகள் (வேறோர் ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதி மட்டும்) நம் ஆன்டிபாடியின் வால் பகுதியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். பி.எஸ்.ஏ. இருந்தாலும் பரவாயில்லை, சில மைக்ரோகிராம் ஆன்டிபாடி போதும். ஆனால் பிடி நிரந்தரம் இல்லை. கலந்த உடனே பயன்படுத்தி, ஸ்டெய்னிங் முடிந்ததும் மறுபடி ஃபிக்ஸ் செய்துவிட வேண்டும். முயல்-முயல் சிக்கலை ஒன்றிரண்டு சோதனைக்கு மட்டும் தாண்ட இது போதும்.

நொதிக்கே ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை மரபணுவிலேயே ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: இந்த மரபணுவின் குறியீட்டுப் பகுதி மட்டும் 7,500 எழுத்துகளுக்கு மேல். முடியாது என்று சொல்லவில்லை, மாதக்கணக்கு ஆகும். உயிருள்ள செல்லில் அசைவைப் பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் அது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| கேள்வி | சாயம் ஏற்றி வருவது | பிரைமரி + செகண்டரி | நாமே ஏற்றுவது |
|---|---|---|---|
| நொதி குறைவான திசு | சிரமம் | நன்று | சிரமம் |
| நொதி மிகுந்த செல்கள் | போதும் | போதும் | போதும் |
| இரண்டு முயல் ஆன்டிபாடிகள் | எளிது | ஆகாது | எளிது |
| நிறம் மாற்றும் வசதி | இல்லை | முழுக்க உண்டு | கிட் மாற்றினால் உண்டு |
| வெஸ்டர்னுக்கும் உதவுமா | பொதுவாக இல்லை | உதவும் | ஏற்றாமல் ஒதுக்கிய பங்கு மட்டும் |
| ஸ்டெய்னிங் நேரம் | குறைவு | ஒரு மணி நேரம் கூடுதல் | குறைவு. ஏற்றும் நாள் தனி |
| சேமிப்பு | 4 டிகிரி, இருட்டு | பிரைமரி உறைநிலையில் நீண்ட நாள் | 4 டிகிரி, இருட்டு |
| எதிர்பாராத செலவு | ஐசோடைப், மறுநிறம் | வடிகட்டிய செகண்டரி | பி.எஸ்.ஏ. இல்லாத குப்பி, தவறும் முயற்சி |

எந்த வழியில் போனாலும் கொழுப்பைக் காப்பாற்றுங்கள்

மூன்று வழிக்கும் இது பொது. ஆன்டிபாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துளியே கரைந்துவிட்டால் படம் பொய். சவ்வில் துளை போட வழக்கமாகச் சேர்க்கும் டிரைட்டன் கொழுப்புத் துளிகளைச் சிதைக்கும். மெத்தனால் கொழுப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதினைந்து நிமிடம் ஃபிக்ஸ் செய்து, 0.1 சதவீத சப்போனினில் துளை போடுங்கள். சப்போனின் போடும் துளை, அதைக் கழுவினால் மூடிக்கொள்ளும். ஆன்டிபாடிக் கரைசலிலும் கழுவும் கரைசலிலும் அது கூடவே இருக்க வேண்டும். பாராஃபின் பிளாக்கில் துளியைத் தேட வேண்டாம், சைலீன் அதை எப்போதோ எடுத்துப் போயிருக்கும். உறைநிலை வெட்டுதான் வழி.

நிறத் தேர்வுக்கு என் வழக்கம்: துளிக்குப் பாடிபி 493/503, நொதிக்கு 647, உட்கருவுக்கு டாப்பி. 647-ஐக் கண்ணால் ஐபீஸில் பார்க்க முடியாது, கேமராவில்தான் தெரியும். முதல் முறை ஒன்றுமே இல்லையே என்று பயந்து ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பாதரச விளக்கு மைக்ராஸ்கோப்பில் அந்தப் பக்கத்து ஒளி பலவீனம். உங்கள் துறையில் அதுதான் இருக்கிறது என்றால் நொதிக்கு 568 பக்கத்துச் சிவப்பை வையுங்கள். இல்லையென்றால் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் சி-கேம்ப் போன்ற பொது வசதியில் கட்டணம் கட்டிக் கான்ஃபோக்கலில் பாருங்கள். அந்தக் கட்டணத்தையும் ஒப்பீட்டில் சேருங்கள்.

ஆர்டர் போடும்போது

வெளிநாட்டிலிருந்து வருவது எதுவாக இருந்தாலும் தேவனஹள்ளி விமான நிலையத்தில் சுங்கம் தாண்டித்தான் வரும். ஏப்ரல், மே வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தெர்மாக்கோல் பெட்டி வந்து, ஸ்டோர் பூட்டியிருந்ததால் திங்கள் வரை வாசல் அறையில் கிடந்தது எங்களுக்கு நடந்திருக்கிறது. திறந்தபோது ஜெல் பைகள் கஞ்சி மாதிரி குழைந்திருந்தன. சாயமில்லாத குப்பி அதைத் தாங்கிக்கொண்டது, சோதித்துப் பார்த்தோம், பழைய மாதிரியே வேலை செய்தது. அதே பெட்டியில் வந்த பி.இ. ஏற்றிய குப்பியில் பாதி ஒளிதான் மிச்சம் இருந்தது. யுகாதி, தீபாவளி நீண்ட விடுமுறைக்கு முன் டெலிவரி வேண்டாம் என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் சொல்லிவையுங்கள். பெட்டி வந்த நாள், ஐஸ் நிலை, லாட் எண் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். குப்பியைத் திறக்கும் முன் ஒரு முறை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். 100 மைக்ரோலிட்டரில் பத்து மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இருபது கவர்ஸ்லிப்.

மார்ச் நெருக்கடியில் பணம் முடிந்துபோய்விடுமே என்று பெரிய குப்பியாக வாங்கிவிடவும் தோன்றும். சாயம் ஏற்றியதில் அதைச் செய்யாதீர்கள், ஃபாயிலுக்குள்ளேயே வயதாகிவிடும். சாயமில்லாத பிரைமரி என்றால் தாராளமாக வாங்கி, சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து உறைநிலையில் வைக்கலாம். கிளிசரால் இருக்கிறதா, பிரித்து வைக்கலாமா என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

புற்றுநோய்ச் செல் வரிசை, ஃப்ளோ, மாதம் பல தடவை ஒரே பேனல் என்றால் சாயம் ஏற்றியதையே வாங்குங்கள், அலெக்ஸா 647-இல். எலிக் கல்லீரல், பட்டினியும் உணவும் ஒப்பீடு என்றால் செகண்டரி முறைதான், வேறு யோசனையே வேண்டாம். இரண்டு முயல் ஆன்டிபாடிகளை ஒரே செல்லில் பார்க்க வேண்டும், ஆனால் அது கட்டுரையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் என்றால் ஜீனான் போதும். அதே ஆன்டிபாடியை வருடக்கணக்கில், பல நிறங்களில் பயன்படுத்தப்போகும் லேப்புக்கு மட்டுமே சொந்தமாகச் சாயம் ஏற்றுவது கட்டுப்படியாகும்.

திருநெல்வேலித் தம்பியின் வேலை கொழுப்பு படிந்த எலிக் கல்லீரலில். சாயமில்லாத முயல் ஆன்டிபாடி ஒன்று, பக்கத்து லேப்பில் 647 செகண்டரி கடன் என்று சொல்லியிருக்கிறேன். மிஞ்சிய பணத்தில் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. வாங்கிவிடச் சொன்னேன். சாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினார். கவர்ஸ்லிப் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள், கூடவே பாடிபி மட்டும் போட்ட ஸ்லைடின் பச்சை வாசல் படத்தையும் வையுங்கள் என்றேன். நேற்று இரவு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். ஆன்டிபாடி ஒரு துளிகூட இல்லாத ஸ்லைடு, 488 சேனலில் கல்லீரல் முழுக்கப் பச்சை.